வீடு பார்க்க வந்தவர்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டை விற்றுவிட்டேன். அதாவது... விற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் சந்தோஷமாக இருந்தேன்.

வந்தவர்கள் வீடு வாங்க வந்தவர்கள் அல்ல. என் தம்பி முருகேசனுக்குப் பெண் கொடுக்கலாமா என்று பார்க்க வந்தவர்கள். அது எனக்குத் தெரியாது. நான் வீட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பது அவர்களுக்குத் தெரியாது. உங்களுக்கு மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன் — நீங்களாவது குழம்பாமல் படியுங்கள்.

இப்படியும் நடக்குமா என்று கேட்காதீர்கள். தரகர் இல்லாமல் சொந்த வீட்டை விற்கக் கிளம்பிப் பாருங்கள், என்னென்னவோ நடக்கும்.

ராஜபாளையத்தில், தென்காசி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. அப்பா கட்டியது. பால் காய்ச்சிக் குடிபோன வாரத்தில்தான் தம்பி பிறந்தான். வீடு எங்கள் இருவர் பேரிலும் இருக்கிறது. என் மனைவி சரோஜா ஸ்ரீவில்லிபுத்தூரில் டீச்சர். காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டே போவாள், சாயங்காலம் நின்றுகொண்டே வருவாள். இப்போது இடுப்பு வலி. ராஜபாளையத்து வீட்டைக் கொடுத்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே ஒன்று வாங்கிப் போய்விடலாம் என்று முடிவு செய்தோம்.

தம்பி இங்கே ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். வீடு மாறினால் பஸ்ஸில் நிற்கும் பொறுப்பு சரோஜாவிடமிருந்து அவனுக்கு வந்துவிடும். பாவம், என்ன சொல்வானோ என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"சரிண்ணே" என்றான்.

அவன் எதற்குமே "சரிண்ணே" என்பவன்தான். ஆனால் அன்றைக்கு அது கொஞ்சம் வேகமாக வந்தது. நான் கவனிக்கவில்லை.

எங்கள் தெருமுனை டீக்கடையில் சங்கரலிங்கம் என்று ஒரு தரகர் உண்டு. கக்கத்தில் ரெக்சின் பை, காதில் பேனா. விஷயம் எப்படியோ அவருக்கு எட்டிவிட்டது. வாங்குகிறவரிடம் ஒரு கமிஷன், விற்கிறவரிடம் ஒரு கமிஷன் — எதற்காக? கதவைத் திறந்து வீட்டைக் காட்டுவதற்கு. அதை நானே காட்ட மாட்டேனா? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே சிரித்தார்.

"சார், வீட்டக் கட்டிப்புடலாம். விக்கிறதுக்கு வாய் வேணும். ஒங்களுக்கு அது பத்தாது."

எனக்கா? வாராவாரம் பத்திரிகையில் இந்தப் பக்கத்தை நிரப்பிக்கொண்டிருக்கும் எனக்கா வாய் பத்தாது? அன்றைக்கே 'வீடு விற்பனைக்கு' என்று பெயிண்டரிடம் போர்டு எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன்.

சரோஜா அதை மாட்டவிடவில்லை. "போர்டு மாட்டுனா ஊரு என்ன நெனைக்கும்? கடன்ல முங்கிட்டாகன்னு நெனைக்கும். அதோட, வெளக்கு வைக்கிற வீட்டுக்குள்ள நின்னுக்கிட்டு விக்கிறோம், விக்கிறோம்னு சொல்லாதீக. நல்லாவா இருக்கு?"

"பின்னே எப்படிச் சொல்றது?"

"வீடு பாக்க யாராச்சும் இருந்தா அனுப்பி வைங்கன்னு சொல்லுங்க. புரிஞ்சிக்கிடுவாக."

போர்டு கட்டிலுக்கு அடியில் போனது. நானும் பார்க்கிறவர்களிடமெல்லாம் 'வீடு பார்க்க யாராவது இருந்தா சொல்லுங்க' என்று சொல்லி வைத்தேன். சோழபுரத்தில் இருக்கும் எங்கள் அத்தையிடமும் சொன்னேன். அத்தைக்குச் சுற்றுவட்டாரத்தில் தெரியாத வீடே கிடையாது. வீடு விஷயத்தை அவரிடம் நான் ஒப்படைப்பதற்கு முன்பே, வேறொருவன் வேறொரு விஷயத்தை அவரிடம் ஒப்படைத்திருந்தான். அதுவும் எனக்குத் தெரியாது.

ஆட்கள் வந்தார்கள். வராமல் என்ன? வ.புதுப்பட்டியிலிருந்து ஒரு விவசாயி வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்தார். "தேனா இருக்கு" என்றார். போய்விட்டார். ஆலங்குளத்திலிருந்து ஒருவர் வந்து எல்லாச் சுவரையும் தட்டித் தட்டிப் பார்த்தார். பக்கத்துத் தெருப் பெண்கள், எத்தனையோ வருஷமாக எங்கள் அடுப்படி எப்படியிருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டவர்கள், இதுதான் சாக்கென்று வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எல்லோருக்கும் காபி. கமிஷனை மிச்சம் பிடிக்கப் போய் காபிப் பொடிக்குச் செலவானதுதான் மிச்சம்.

நிஜமாகவே வாங்குகிற மாதிரி ஒருவர் வந்தார். ஹாலைப் பார்த்தார், அறைகளைப் பார்த்தார், முகத்தில் திருப்தி தெரிந்தது. அடுப்படிக்குள் நுழையும்போது என் தம்பி வாயைத் திறந்தான். "செத்த தள்ளி நில்லுங்க சார். மழை பேஞ்சா நீங்க நிக்கிற எடத்துலதான் ஒழுகும்."

அவர் தள்ளி நின்றார். பிறகு இன்னும் தள்ளி, தெருவுக்கே போய்விட்டார்.

"ஏண்டா சொன்னே?" என்றேன்.

"ஒழுகுதுல்லண்ணே" என்றான்.

அன்றைக்கே தீர்மானித்தேன். அடுத்த பார்ட்டி வரும்போது தம்பி வீட்டில் இருக்கக் கூடாது.

ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது. ஆடி பிறந்துவிட்டால் நம் ஊரில் யார் வீடு வாங்குவார்கள்? அதற்குள் முடிக்க வேண்டும் என்று எனக்குத் தவிப்பு. அப்போதுதான் எதிர்வீட்டு போனில் அத்தை கூப்பிட்டார். லைனில் ஒரே கரகரப்பு.

"ஏலே, ஞாயித்துக்கெழம ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து மூணு பேரு வீடு பாக்க வாராக. நல்ல எடம்லே. ஆடிக்குள்ள முடிக்கணும்னு நெனைக்காக. நீ மூத்தவன், பக்குவமாப் பேசி முடி."

வீடு பார்க்க வருகிறார்கள். நல்ல இடம். ஆடிக்குள் பேசி முடி. இதில் எந்த வார்த்தையைச் சந்தேகப்படுவது, சொல்லுங்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தம்பியை அழைத்து, "வீடு பாக்க ஆள் வருது, நீ சாயங்காலம் வரைக்கும் எங்கேயாவது போயிட்டு வா" என்றேன். "சரிண்ணே" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான்.

அவர்கள் வந்தார்கள். மீசை வைத்த ஒரு பெரியவர், அவருடைய மனைவி, மச்சினர். அந்த அம்மாள் கையில் பால்கோவா பாக்கெட்டும் ஒரு பந்து மல்லிகைப்பூவும். வீடு வாங்க வருகிறவர் பால்கோவாவா கொண்டுவருவார்? எனக்கு அது தோன்றவே இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் கோர்ட்டுக்குச் சாட்சி சொல்லப் போனாலும் பால்கோவாவோடு போகிறவர்கள்தானே!

"ரிட்டயர்டு ஏட்டு" என்று தன்னைச் சொல்லிக்கொண்டார் பெரியவர். "சோழபுரத்து அம்மா சொன்னாக. வீடு பாக்க வந்தோம்."

வரவேற்று உட்கார வைத்தேன். சரோஜா காபி போட அடுப்படிக்குள் போனாள். வீட்டைச் சுற்றிக் காட்டினேன். பார்த்தார்கள், தலையாட்டினார்கள். ஏட்டையா ஆரம்பித்தார்.

"வயசு எம்புட்டு சார் ஆகுது?"

"முப்பத்திரண்டு. ஆனா பாத்தா சொல்ல மாட்டீங்க. போன பொங்கலுக்குத்தான் பூச்சு வேலை பாத்தோம். முன்பக்கம் அங்கங்கே வெடிப்பு விட்டிருந்துச்சு. இப்ப எல்லாம் மறைஞ்சிருச்சு."

மச்சினர் ஏட்டையாவைப் பார்த்தார். ஏட்டையா மீசையைத் தடவிக்கொண்டார். தலைக்கு டை அடிக்கிற மாப்பிள்ளை போலிருக்கிறது, முகத்துக்கும் ஏதோ பூசுகிறான் போலிருக்கிறது என்று அவர்கள் முடிவுசெய்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

"வேற யாரும் வந்து பாத்தாகளா?"

விற்கிறவன் இதற்கு என்ன சொல்ல வேண்டும்? நானும் அதைத்தான் சொன்னேன். "நிறைய பேரு. போன வாரம்கூட ஆலங்குளத்துக்காரர் ஒருத்தர் நல்லாத் தட்டித் தட்டிப் பாத்துட்டுப் போனார்."

ஏட்டையா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தண்ணி... எப்படி சார்?" என்றார்.

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்! எங்கள் வீட்டின் பெருமையே அதுதானே.

"தண்ணிக்கு மட்டும் ஒரு குறையும் சொல்ல முடியாது. காலையில எழுந்திரிச்சதுல இருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் தண்ணிதான். அக்னி நட்சத்திரத்துலகூட நின்னது கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர், எதிர்வீட்டுக்காரர் எல்லாரும் இங்கே வந்துதான் குடிப்பாங்க."

அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சந்தோஷத்தில் என்று நினைத்தேன்.

"வில்லங்கம் ஏதாச்சும்...?" மச்சினர் இழுத்தார்.

"ஒண்ணு இருந்துச்சு. பேங்க்ல."

"பேங்க்லயா?"

"ஆமா. ஏழு வருஷம் இழுத்துச்சு. மாசாமாசம் பணம் கட்டி ஒருவழியா முடிச்சு விட்டாச்சு. இப்ப ஒரு தொந்தரவும் இல்லே. எழுதியே வாங்கி வெச்சிருக்கேன், காட்டட்டுமா?"

"வேண்டாம், வேண்டாம்" என்றார் மச்சினர் அவசரமாக.

"தம்பியக் காணலையே?" என்று கேட்டார் ஏட்டையா.

"அவன் எதுக்கு? நான்தான் வெளியே அனுப்பிட்டேன். இருந்தா எதையாவது உளறுவான். நான் காட்டுற இடத்துல கையெழுத்துப் போடுவான், அதைப் பத்தி நீங்க கவலைப்படாதீங்க."

ஏட்டையாவின் முகம் இறுகியது. விலைக்கு வருகிறார் என்று புரிந்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"சரி... ஒங்க எதிர்பார்ப்பு என்ன?"

"மூணு லட்சம். ஒரே பேச்சு. முன்பணம் பாதி கைக்கு வந்ததும் தேதி குறிச்சிரலாம். மீதியை வாங்கிக்கிட்டு நாங்க ஒதுங்கிருவோம். அதுக்கப்புறம் எங்களுக்கும் உங்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது."

சம்பந்தம் பேச வந்தவர்களிடம்!

மூன்று பேரும் எழுந்துகொண்டார்கள். "யோசிச்சுச் சொல்றோம்" என்றார் ஏட்டையா. விலையைக் கேட்டுக் கொஞ்சம் அதிர்ந்திருக்கிறார், இரண்டு நாளில் இறங்கி வருவார் என்று நான் கணக்குப் போட்டேன். அவர்கள் தெருவைத் தாண்டியதும் சரோஜா காபித் தட்டோடு வந்தாள்.

"முடிச்சாச்சு" என்றேன். "எனக்கா வாய் இல்லேங்கிறான் சங்கரலிங்கம்?"

அவள் ஹாலைச் சுற்றிப் பார்த்தாள். "அந்தம்மா பால்கோவா கொண்டாந்துச்சே, எங்கங்க?"

எங்கே? திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மல்லிகைப்பூவையும்.

சாயங்காலம் எதிர்வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள். அத்தை. தம்பியும் அப்போதுதான் சைக்கிளில் வந்து இறங்கினான். என் பின்னாலேயே வந்து நின்றான். அத்தையின் குரலுக்கு போனே அநாவசியம். ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். அவனுக்கும் எல்லாம் கேட்டது.

"ஏலே, ஒனக்குப் புத்தி கித்தி பெரண்டு போச்சா? கூடப் பொறந்தவனுக்கு மூணு லட்சம் வெல சொன்னியாமே? விடிஞ்சா பொழுது போனா குடிக்கான்னு நீயே சொன்னியாமே? பேங்க்ல வேல பாக்குற பொம்பளைக்கு ஏழு வருசமாப் பணம் கட்டுனீகளாமே? எந்த வீட்டுலலே இந்தக் கூத்தெல்லாம் நடக்குது? பொண்ணு குடுக்க வந்த மனுசன் என்னைய அந்தக் கேள்வி கேக்காரு!"

பெண் கொடுக்கவா?

ஒவ்வொரு பேச்சாக எனக்குத் திரும்பி வந்தது. வயசு. பூச்சு. தண்ணி. சம்பந்தம். ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பினேன்.

தம்பி அழவில்லை, கத்தவில்லை. "அண்ணே, இதுவரைக்கும் ஒங்ககிட்ட நான் ஒண்ணும் கேட்டதில்ல" என்றான். "அந்தப் புள்ள எங்க மில் ஆபீஸ்லதான் டைப்பிஸ்ட்டு. கற்பகம். அத ஒண்ணத்தான் அத்தைகிட்டச் சொல்லிவிட்டேன்."

அவ்வளவுதான். எங்கள் வீட்டு மாடிக்குப் போய்விட்டான். சரோஜா சாப்பிடக் கூப்பிட்டாள், வரவில்லை. நான் போய்க் கூப்பிட்டேன்; "பசிக்கல" என்றான். "சரிண்ணே" என்று சொல்லாத தம்பியை அன்றைக்குத்தான் பார்த்தேன். வீடு கிடக்கட்டும், எப்போது வேண்டுமானாலும் விற்கலாம். இவன் வாய் திறந்து ஆசைப்பட்டது இது ஒன்றுதான். அதையும் அண்ணன்காரன் நானே பேசித் தீர்த்துவிட்டேனே!

மறுநாள் விடிந்ததும் சரோஜாவும் நானும் கிளம்பினோம். அந்தப் பெண் வேலைக்குப் புறப்படுவதற்கு முன்னால் போய்விட வேண்டும். அவ்வளவு காலையிலும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் நின்றுகொண்டே போனேன். வீட்டை எதற்காக விற்க வேண்டும் என்று சரோஜா ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது இறங்கும்போது என் இடுப்புக்குப் புரிந்தது.

தேரடிக்குப் பக்கத்தில் ஏட்டையா வீடு. வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பேப்பரை மடித்தார். 'வாங்க' என்று சொல்லவில்லை.

"யோசிச்சுச் சொல்றோம்னுதான சார் சொன்னேன்?"

"அண்ணாச்சி, நேத்து நான் சொன்னது அத்தனையும் வீட்டை."

"எத?"

சரோஜாவைப் பார்த்தேன். அவள் கண்ணாலேயே 'சொல்லுங்க' என்றாள். சொன்னேன் — அவள் வீட்டில் சொல்லக் கூடாது என்ற அந்த வார்த்தையை, இன்னொருவர் வாசலில், நாலு வீட்டுக்குக் கேட்கும்படி.

"நாங்க வீட்டை விக்கிறோம் அண்ணாச்சி! நீங்க வீடு வாங்க வந்தீங்கன்னு நினைச்சுட்டேன்."

அவர் என்னையே பார்த்தார். முப்பது வருஷம் திருடர்களை விசாரித்த பார்வை.

"அப்ப அந்தத் தண்ணி?"

"கிணத்துத் தண்ணி."

"பேங்க்?"

"வீட்டு மேல வாங்குன லோன்."

"பூச்சு?"

"சிமெண்ட்டு, அண்ணாச்சி. வெறும் சிமெண்ட்டு."

உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல் உடைந்த சிரிப்பு. வேலைக்குக் கிளம்பிக் கையில் டிபன் பாக்ஸோடு வந்து நின்றது அந்தப் பெண்.

"நேத்தே சொன்னேன்லப்பா? அவிய அந்த மாதிரி ஆளில்லன்னு. கேன்டீன்ல டீயக்கூடப் பாதி வச்சிட்டுப் போறவுக, அவியளப் போயி..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள், அதிகம் சொல்லிவிட்டோம் என்று தெரிந்து உள்ளே ஓடிவிட்டாள்.

கேன்டீனில் யார் டீயைப் பாதி வைக்கிறார்கள் என்றெல்லாம் தெரிந்திருக்கிறது! ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் குடிபோகலாமா என்று கேட்டபோது "சரிண்ணே" ஏன் அவ்வளவு வேகமாக வந்தது என்று அப்போது விளங்கியது. அவள் தினமும் ஏறுகிற பஸ்ஸிலேயே அவனும் ஏறலாமே!

ஏட்டையாவின் மீசை அசைந்தது. சிரிக்கிறார். எனக்கு உயிர் வந்தது. தைரியமாக ஒரு சந்தேகம் கேட்டேன்.

"அண்ணாச்சி, அவ்வளவு நேரமும் நான் வீட்டைப் பத்திப் பேசியிருக்கேன். ஒரு இடத்துலகூடவா உங்களுக்கு வித்தியாசமாத் தோணலே?"

"எதுக்குத் தோணணும்?" என்றார் சாதாரணமாக. "எம் மூத்த மகளுக்குப் பாக்கையில போன எடத்துலயெல்லாம் இப்படித்தான சார் பேசுனாக? கல்யாணத்துக்கு முன்னாடி இம்புட்டு பணம், பின்னாடி இம்புட்டுன்னு. நீங்க வெலதான் கூடச் சொன்னீக. மத்தபடி எல்லாம் ஒண்ணுதான்."

சரோஜா தலையைக் குனிந்துகொண்டாள். நானும்தான். வீட்டை 'விற்கிறோம்' என்று சொல்ல எங்களுக்கு அவ்வளவு கூச்சம். போர்டைக்கூடக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தோம். மாப்பிள்ளைக்குப் போர்டே தேவைப்படுவதில்லை போலிருக்கிறது.

"தம்பிக்கு என்ன எதிர்பாக்கிறீக? அதச் சொல்லுங்க" என்றார் ஏட்டையா.

"ஒண்ணும் வேண்டாம்" என்றேன்.

"நெசமாவா?"

"நிஜமா. பொண்ணைக் கொடுங்க, போதும்."

உள்ளேயிருந்து அந்த அம்மாள் வந்தார். கையில் நேற்றைய அதே பால்கோவா பாக்கெட். சரோஜாவிடம் கொடுத்தார். இந்த முறை நான் அதை வாங்கிக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

தெருமுனை வரை வழியனுப்ப வந்த ஏட்டையா என்னை மட்டும் ஓரமாக நிறுத்தினார். "சார், மாப்பிள்ளைக்கு மூணு லட்சம்னதும் பயந்துட்டேன். ஆனா நெசமாச் சொல்றேன்... வீட்டுக்குன்னாலும் அது கொஞ்சம் ஜாஸ்திதான்."

நடந்ததைச் சங்கரலிங்கத்திடம் சொன்னபோது அவர் சிரித்ததில் டீ புரைக்கேறிவிட்டது. "கமிஷன் எதுக்குன்னு கேட்டீகளே சார்! 'வீட்டுக்கு என்ன வெல குடுப்பீக'ன்னு வந்தவுகள வாசல்லயே கேட்டிருப்பேன். நீங்கள்லாம் மரியாத பாப்பீக." உண்மைதான். நாம் வாயால் சொல்லக் கூசுவதை நமக்காக ஒருவர் சொல்கிறார். அதற்குத்தான் அந்தக் காசு.

ஆவணியில் கல்யாணம். மாடிக்குப் போன தம்பி இறங்கிவிட்டான். எது சொன்னாலும் "சரிண்ணே" மறுபடி வருகிறது, இப்போது சிரிப்போடு. கட்டிலுக்கு அடியிலிருந்த போர்டை சரோஜாவே எடுத்துத் துடைத்து, வாசலில் ஆணி அடிக்கச் சொல்லிவிட்டாள். அடுப்படி ஒழுகுவதைத் தம்பி முதலிலேயே சொல்லிவிடுவான்.

வாங்க நினைப்பவர்கள் தாராளமாக வரலாம். தயவுசெய்து பால்கோவா மட்டும் கொண்டுவராதீர்கள் — எங்களிடம் இனி மாப்பிள்ளை ஸ்டாக் இல்லை.